கொடையும் கடனும்: யப்பானியர் பரிசிலும் எமது பெருநாள் வழக்கமும்

நோன்புப் பெருநாட் காலையிலே கல்முனைக்குடியின் ஒழுங்கைகள் வழியாகச் செல்வோர் ஒரு காட்சியைக் காணத் தவறார். புத்தாடை உடுத்த சிறுவரும் சிறுமியரும் துணியால் மூடிய தட்டுகளை இரு கைகளாலும் ஏந்தியவராய், வீட்டுக்கு வீடு போய் வந்துகொண்டிருப்பர். தட்டிலே வட்டலப்பமோ, தொதலோ, பணியாரமோ இருக்கும். அதனைப் பெற்றுக்கொள்ளும் வீட்டுப் பெண்மணி தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்பமாட்டார். தம் வீட்டுப் பலகாரத்தில் நான்கினை எடுத்து வைப்பார். அதுவும் இல்லையாயின் ஒரு பிடி சீனியேனும் இட்டு அனுப்புவார். வெறுந்தட்டு அனுப்புதல் ஆகாது என்பது எமது உம்மாமார் வழிவழியாகக் காத்துவரும் மரியாதை.

இவ்வழக்கம் எமக்கே உரியதென்று நாம் எண்ணியிருத்தல் கூடும். ஆனால், கிழக்கே நெடுந்தொலைவில் உள்ள யப்பான் தேசத்திலும் இஃது உண்டு. அயலார் உணவு கொண்டுவந்த பாத்திரத்தை அந்நாட்டுப் பழைய குடும்பத்தினர் வெறுமையாகத் திருப்பிக் கொடார். ஒரு தீப்பெட்டியையோ சில கடதாசித் தாள்களையோ உள்ளே வைத்தே கொடுப்பர். ‘ஓஉட்சுரி’ என்பது இதன் பெயர். தீக்குச்சியில் உள்ள கந்தகத்தைக் குறிக்கும் சொல்லும், வாழ்த்துதல் எனப் பொருள்படும் சொல்லும் யப்பானிய மொழியில் ஒலியால் ஒத்திருத்தலின், தீப்பெட்டி மங்கலப் பொருளாகக் கொள்ளப்பட்டது என்பர்.

கொடுத்தல் அன்பின் அடையாளம். கொடுத்ததற்கு ஈடாகச் சிறிது கொடுத்தல் நன்றியின் அடையாளம். இவ்வளவிலே நின்றால் குறையொன்றும் இல்லை. ஆனால், கொடுத்தே தீரவேண்டும், இன்னதுதான் கொடுக்கவேண்டும், பெற்றதற்குக் குறையாமல் கொடுக்கவேண்டும் என்ற நிலை வந்துவிடின், அது அன்பா, கடனா? இக்கேள்வியைப் பல தலைமுறைகளாகத் தம் வாழ்விலே கேட்டு வருவோர் யப்பானியர். அவர்தம் வழக்கங்களை அறிந்துகொண்டு எமது வழக்கங்களை நோக்குவோமாயின், எமக்கு விளங்காதிருந்த சில உண்மைகள் விளங்கும்.

பிரெஞ்சு அறிஞர் மார்செல் மௌஸ் என்பார், பரிசில் வழக்கத்தைப் பற்றி 1925 இல் வெளியிட்ட ஆய்வில், பல சமுதாயங்களில் மூன்று கடமைகள் காணப்படுகின்றன என்றார். கொடுத்தல் ஒன்று, ஏற்றுக்கொள்ளல் ஒன்று, திருப்பிக் கொடுத்தல் ஒன்று. இம்மூன்றையும் ஒருசேரக் காண விரும்புவோர்க்கு யப்பானைக் காட்டிலும் பொருத்தமான தேசம் கிடைத்தல் அரிது.

ஆண்டுக்கு இரு முறை

யப்பானியர் ஆண்டில் இரு பருவங்களில் பரிசு அனுப்புவர். கோடையில் அனுப்புவது ‘ஒச்சுகென்’. ஆண்டிறுதியில், டிசம்பர் மாதத்தில் அனுப்புவது ‘ஒசெய்போ’. கோடைப் பரிசைத் தோக்கியோப் பகுதியினர் யூலை முற்பாதியில் அனுப்ப, மேற்குப் பகுதியினர் ஓகஸ்ட் நடுப்பகுதி வரை அனுப்புவர். அலுவலகத் தலைவர், வைத்தியர், கற்பித்த ஆசான், திருமணத்தைப் பொருத்திவைத்த பெரியவர், மனைவியின் பெற்றோர் ஆகியோரே இவற்றைப் பெறுவோர். ஆண்டு முழுவதும் செய்த உதவியை மறந்திலோம் என்று அறிவிப்பதே இதன் நோக்கம்.

பரிசுப் பொருள்களோ பெரும்பாலும் அன்றாட வாழ்வுக்குரியனவே. தேயிலை, சமையல் எண்ணெய், கோதுமை நூடில்ஸ், சவர்க்காரம், பழங்கள், உப்பிட்ட மீன் என்பன அழகிய பெட்டிகளில் அடுக்கப்பட்டு, பெருங் கடைகளின் மூலம் வீடு தேடி வந்து சேரும். ஒரு பரிசின் விலை பெரும்பாலும் 3,000 யென் முதல் 5,000 யென் வரை அமையும். மிகக் குறைந்தால் அவமதிப்பு; மிகக் கூடினால் பெறுவோர்க்குச் சங்கடம். ஒரு முறை அனுப்பத் தொடங்கினால் ஆண்டுதோறும் அனுப்பவேண்டும் என்பதும் எழுதாச் சட்டமாகும்.

இவ்விரு வழக்கங்களுக்கும் வேர் சமயத்திலே உள்ளது. ஏழாம் மாதத்து நடுநாளைச் சீனத்தவர் புனித நாளாகப் போற்றியதும், இறந்த முன்னோரை நினைக்கும் பௌத்த விழாவும் கலந்ததிலிருந்து கோடைப் பரிசு தோன்றியது. ஆண்டிறுதியில் முன்னோர்க்குப் படைக்கும் பொருள்களைக் கிளைக் குடும்பத்தார் தலைவீட்டுக்குக் கொண்டு சென்றதிலிருந்து டிசம்பர்ப் பரிசு தோன்றியது. படையலாகத் தொடங்கியது காலப்போக்கில் மனிதர்க்கிடையே செல்லும் பொதியாயிற்று.

கடற்கரை மக்களாகிய எமக்குச் சுவை தரும் செய்தி ஒன்றும் உண்டு. யப்பானியரின் மங்கலப் பரிசுப் பொதியின் வலப்பக்க மேல்மூலையில் ‘நொஷி’ என்னும் சிறு அடையாளம் காணப்படும். முற்காலத்தில் இது ‘அவாபி’ என்னும் ஒருவகைக் கடற்சிப்பியின் தசையை மெல்லிய நாடாவாகச் சீவி, உலர்த்தி, நீட்டிச் செய்யப்பட்டது. கடலின் விளைபொருளே வாழ்த்தின் சின்னமாயிற்று. இக்காலத்தில் கடதாசியில் அச்சிட்ட படமே போதும் என்றாயிற்று. பொதியைக் கட்டும் வண்ணக் கயிற்றின் முடிச்சுக்கும் பொருள் உண்டு. மீண்டும் மீண்டும் வரத்தக்க மகிழ்ச்சியாயின் எளிதில் அவிழும் முடிச்சு. திருமணம் போல ஒரு முறையே நிகழவேண்டியதாயின் அவிழா முடிச்சு.

ஒரு சொக்லேட்டின் கதை

மேற்கூறியவை பழைய வழக்கங்கள். கடைக்காரர் தோற்றுவித்த புதிய வழக்கம் ஒன்றும் உண்டு. அதன் கதை வேடிக்கையானது.

மேனாட்டில் பெப்ரவரி 14 ஆம் நாளை ‘வலன்டைன் தினம்’ எனக் கொண்டாடுவர். அங்கே ஆணும் பெண்ணும் ஒருவருக்கொருவர் மலரும் மடலும் அனுப்புவர். கோபே நகரத்து இனிப்பு வணிகரான மொரோசோப் நிறுவனத்தார் 1936 இல் ஓர் ஆங்கிலப் பத்திரிகையிலே இத்தினத்திற்கு விளம்பரம் செய்தனர். அதனைப் பொதுமக்கள் பெரிதும் கவனித்திலர். 1958 இல் தோக்கியோவின் சிஞ்சுக்குப் பகுதியில் உள்ள இசெத்தான் பெருங்கடையில், மேரி என்னும் சொக்லேட் நிறுவனத்தார் வலன்டைன் விற்பனை ஒன்றை நடத்தினர். மூன்று நாள்களில் விற்பனையானது மொத்தம் 170 யென்னுக்கு மட்டுமே என்று அந்நிறுவனத்தார் பின்னாளில் கூறினர்.

அவர் சோர்ந்தாரல்லர். அடுத்த ஆண்டில் இதய வடிவிலே சொக்லேட் செய்து, ஆண்டுக்கு ஒரு நாளேனும் பெண் தன் மனத்தை ஆணுக்கு அறிவிக்கலாம் என்னும் கருத்தைப் பரப்பினர். பெருங்கடைகளில் பொருள் வாங்குவோர் பெரும்பாலும் பெண்களாயிருந்தமையே இதற்குக் காரணம். காதலை வாய்விட்டுச் சொல்லுதல் பெண்ணுக்கு அடாது என்றிருந்த சமுதாயத்தில், இக்கருத்து இளம்பெண்களின் நெஞ்சைத் தொட்டது. 1970 களில் பாடசாலை மாணவியரிடையே பரவி, பின்னர் நாடெங்கும் வேரூன்றியது. உலகின் பிற இடங்களில் இருபாலார்க்கும் உரிய இத்தினம், யப்பானில் பெண் ஆணுக்குச் சொக்லேட் கொடுக்கும் தினமாக மாறியது இவ்வாறே.

ஆனால், காதலுக்கென்று வந்த சொக்லேட் அலுவலகத்துள் நுழைந்தபோது அதன் இயல்பு மாறியது. ஒருவருக்குக் கொடுத்து மற்றவர்க்குக் கொடாதிருத்தல் எவ்வாறு? ஆகவே, உடன் வேலைசெய்யும் ஆண்கள் யாவர்க்கும், மேலதிகாரிக்கும் பெண்கள் சொக்லேட் கொடுக்கலாயினர். இரண்டிற்கும் வெவ்வேறு பெயர்களும் வழங்கின. மனத்துக்கு இனியவனுக்குக் கொடுப்பது ‘ஹொன்மெய்’ சொக்லேட். குதிரைப் பந்தயத்தில் வெல்லும் என எதிர்பார்க்கப்படும் முதற் குதிரையைக் குறிக்கும் சொல் அது! கடமைக்குக் கொடுப்பது ‘கிரி’ சொக்லேட். கிரி என்பது சமுதாயத்துக்குச் செலுத்தவேண்டிய கடப்பாட்டைக் குறிக்கும் பழஞ்சொல். தம் பண்டம் பார்த்த மாத்திரத்திலே கடமைக்கானதென்று விளங்கிவிடும் என்பதையே பெருமையாகக் கூறி விளம்பரம் செய்த நிறுவனமும் உண்டு. பெறுபவர் வீணே காதலென்று மயங்கிவிடக் கூடாதல்லவா!

ஆண்கள் வாங்கிக்கொண்டே இருத்தல் முறையாகுமா? பெண்கள் பத்திரிகையொன்றில் வந்த இத்தகைய முறையீட்டைப் புக்குவோக்கா நகரத்து இஷிமுரா மன்செய்தோ என்னும் பழைய இனிப்புக் கடையினர் 1977 இல் கண்டனர். முட்டையின் மஞ்சட்கருவைக் கொண்டு பலகாரம் செய்தும், எஞ்சும் வெண்கருவைக் கொண்டு மார்ஷ்மெலோ என்னும் மென்மையான வெள்ளை மிட்டாய் செய்தும் வந்தவர் அவர். 1978 இல், மார்ச் 14 ஆம் நாளை ஆண்கள் பதிற்பரிசு கொடுக்கும் நாளாக அறிவித்து அம்மிட்டாயை விற்றனர். நாட்டின் மிட்டாய் உற்பத்தியாளர் கூட்டுறவினர் அதே நாளை ‘வெள்ளை நாள்’ எனப் பெயரிட்டு 1980 இலிருந்து கொண்டாடச் செய்தனர். பெற்றதைப்போல் மும்மடங்கு திருப்பிக் கொடுக்கவேண்டும் என்ற பேச்சும் உடன் எழுந்தது. கொரியாவும் தாய்வானும் இந்நாளைப் பின்பற்றலாயின.

இனிப்புக் கசந்தபோது

மௌஸ் கூறிய மூன்று கடமைகளும் இவ்வாறு முற்றுப்பெற்றன. ஆனால் மகிழ்ச்சி முற்றுப்பெற்றதா? இல்லை. பெப்ரவரி மாதம் வந்தால் அலுவலகப் பெண்கள் பட்டியல் எழுதத் தொடங்கினர். யாருக்குக் கொடுக்கவேண்டும், யாரை விட்டால் மனத்தாங்கல் நேரும், தம் சம்பளத்தில் எவ்வளவு செலவாகும் என்று கணக்கிட்டனர். ஆண்களோ பதிற்பரிசுக்குக் கணக்கிட்டனர். சில நிறுவனங்கள் தம் அலுவலகத்தில் கடமைச் சொக்லேட்டைத் தடைசெய்தன.

2018 பெப்ரவரி முதலாம் நாள் யப்பானியர் வியந்து நின்றனர். கொடைவா என்னும் பெயர்பெற்ற சொக்லேட் நிறுவனம் பொருளாதார நாளிதழ் ஒன்றில் முழுப்பக்க விளம்பரம் வெளியிட்டு, கடமைச் சொக்லேட் வழக்கத்தை நிறுத்துமாறு வேண்டியது. விற்பவனே வாங்காதே என்று சொல்லுதல் உலகில் அரிது. அதுவும் ஒரு வியாபார உத்தியே என்றோரும் உளர். எவ்வாறாயினும், பலர் மனத்தில் இருந்து நாவில் வராதிருந்த சொல்லை அவ்விளம்பரம் சொல்லிவிட்டது. இன்று பல பெண்கள் தோழியர்க்கும் தமக்குமே சொக்லேட் வாங்குகின்றனர்.

இதனினும் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது வேறொரு முயற்சி. யப்பானில் மரணவீட்டுக்குச் செல்வோர் கடித உறையிலே பணம் வைத்துக் கொடுப்பர். மரணவீட்டார் அதனை ஏட்டிலே குறித்துவைத்து, பின்னர் ஏறத்தாழப் பாதி மதிப்புள்ள பொருளைத் திருப்பி அனுப்புவர். துயரிலே மூழ்கிய குடும்பம் கணக்கிலும் மூழ்கவேண்டிய நிலை இது. யுத்தத்தின் பின் வறுமையுற்றிருந்த அந்நாட்டில், திருமணச் செலவையும் மரணச் செலவையும் குறைக்கும் நோக்குடன் ‘புதுவாழ்வு இயக்கம்’ எழுந்தது. அதற்கெனச் சங்கமொன்று 1955 இல் நிறுவப்பட்டது. பல இடங்களில் அவ்வியக்கம் மறைந்துபோயினும், குன்மா மாகாணத்தில் அதன் சுவடு அழியவில்லை. அங்கே மரணவீட்டு வாசலில் ‘புதுவாழ்வு’ என்றெழுதிய தனி மேசை வைக்கப்படுவதுண்டு. அம்மேசையிற் கொடுப்போர் குறைந்த தொகையையே கொடுப்பர்; பதிற்பொருளும் வேண்டாம் என்பர். கொடுத்தவர்க்கும் குறைவில்லை, பெற்றவர்க்கும் பாரமில்லை. கடமையை அவர் ஒழித்தாரல்லர். கடமைக்கு ஓர் அளவு வகுத்தனர். இந்த ‘அளவு’ என்னும் சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம்.

இத்தகைய ஏடுகள் தமிழகத்திலும் உண்டு. அங்கே திருமணத்தில் எழுதும் மொய்யை அறியாதார் இலர். புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களின் கீரமங்கலம், பேராவூரணிப் பகுதிகளில் ஆடி மாதத்தில் ‘மொய் விருந்து’ என்றே விருந்து வைப்பர். வந்தோர் தாம் முன்பு பெற்றதைத் திருப்பி, அதன்மேற் சிறிது கூட்டியும் வைப்பர். முதலில்லாத உழவனுக்கு வட்டியில்லாக் கடனாக இது உதவுதல் உண்மையே. ஆயினும், பெற்றதற்குமேல் ஒரு படி ஏற்றி வைக்கவேண்டும் என்ற நிலையில், ஏறிய படியிலிருந்து இறங்கும் வழிதான் தெரிவதில்லை.

எமது கரையில்

இனி எமது அம்பாறைக் கரையோரத்தை நோக்குவோம். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் முதலிய முஸ்லிம் ஊர்கள் ஒரு பக்கம் கடலையும் மறுபக்கம் வயலையும் உடையன. மீனும் நெல்லும் இங்கே விளைவன. மருதமுனைக் கைத்தறிச் சாரமும் சேலையும் நாடறிந்தன. கொடுத்தற்கு வேண்டிய பொருளும் உண்டு. கொடுக்கும் மனமும் உண்டு.

பெருநாட் காலையில் பெரியோரிடம் ஸலாம் சொல்லி நிற்கும் பிள்ளைகளின் கையில் பெருநாட் காசு விழும். யப்பானியப் பிள்ளைகளும் புத்தாண்டிலே சிறு உறையில் இட்ட ‘ஒத்தோஷிதாமா’ என்னும் பணத்தைப் பெறுவர். பிள்ளை திருப்பிக் கொடுக்க வேண்டுவதில்லை. பெற்ற மகிழ்ச்சியே பதிலாகும். அயலிலே தமிழ்க் குடும்பங்கள் வாழும் இடங்களில், பெருநாட் சோறும் பலகாரமும் அவ்வீடுகளுக்குச் செல்வதும், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அங்கிருந்து பலகாரம் வருவதும் உண்டு. ஊர்களிடையே மனக்கசப்பு நேர்ந்த காலங்களை நாம் அறிவோம். அக்காலங்களிற் கூட ஒரு தட்டுப் பலகாரம் வேலியைக் கடந்து சென்றதாயின், அதன் பெறுமதியை எந்த யென்னாலும் ரூபாவாலும் மதிப்பிட இயலாது.

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில், நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாக ஜமாதுல் ஆகிர் மாதத்தில் கொடியேற்றி, பன்னிரண்டு நாள் விழா நடைபெறும். இறுதியிலே கந்தூரிச் சோறு வழங்கப்படும். சோற்றைப் பெறுவோன் யாரென்று கேட்பாரில்லை, ஏட்டிலே எழுதுவாருமில்லை. அது முகவரியில்லாக் கொடை.

இவற்றுக்கெல்லாம் மேலாக, எமது சமயம் விதித்த பெருநாட் கொடை ஒன்று உண்டு. அதுவே ‘பித்ரா’ என்னும் நோன்புப் பெருநாள் தர்மம். பெருநாள் இரவுக்கும் பகலுக்கும் வேண்டிய உணவு போக மிஞ்சியது வைத்திருப்பவர் ஒவ்வொருவரும், தமக்காகவும் தம் பொறுப்பில் உள்ளோர்க்காகவும் கொடுக்கவேண்டும். நேற்றுப் பிறந்த குழந்தைக்காகவும் கொடுக்கவேண்டும். தலைக்கு ஒரு ‘சாஃ’ என்பது அளவு. எமது பகுதியிலே அரிசியாகக் கொடுப்பின் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. பெருநாள் தொழுகைக்கு முன்னர் அது ஏழையின் வீட்டை அடைதல் வேண்டும். பெருநாள் அன்று எவரும் உணவுக்காகக் கை நீட்டலாகாது என்பதே நோக்கம்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. பித்ராவும் கடமைப் பரிசுதான். விரும்பினாற் கொடுக்கலாம், விரும்பாவிடின் விடலாம் என்பதன்று. ஆயினும் அது எவரையும் நசுக்குவதில்லை. ஏன்? அதன் அளவு வரையறுக்கப்பட்டது. அயல்வீட்டார் இரண்டு சாஃ கொடுத்தார் என்பதனால் எமக்கு இரண்டு சாஃ கடமையாகிவிடாது. பெற்றவர் திருப்பிக் கொடுக்க வேண்டுவதுமில்லை. பலர் தந்த பித்ராவால் தேவைக்குமேல் மிஞ்சப்பெற்ற ஏழையும் தம் பங்குக்குக் கொடுப்பவராதல் கூடும். வாங்கும் கை என்றும் கொடுக்கும் கை என்றும் மனிதரை அது நிலையாகப் பிரித்து வைப்பதில்லை.

மகளுக்கு ஒரு வீடு

மங்கலப் பரிசைப் பற்றிப் பேசுவோர் திருமணத்தைப் பற்றிப் பேசாதிருத்தல் இயலாது. எமது கிழக்குக் கரையில் தாய்வழிக் ‘குடி’ முறை நெடுங்காலமாக நிலவி வருகின்றது. திருமணமானபின் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டிலேயே வந்து வாழ்வார். பெற்றோர் தாம் வாழும் வீட்டை மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த மகளுக்கென வேறொரு வீட்டைக் கட்டிக்கொண்டு பெயர்ந்து செல்வர். இறுதியில் இளைய மகளோடு தம் முதுமையைக் கழிப்பர். இவ்வாறு வீடு பெண்ணின் பெயரிலே இருத்தல் அவளுக்குப் பெரும் பாதுகாப்பாகும். கணவன் கோபித்துக்கொண்டால், வீட்டை விட்டு வெளியேற வேண்டியவள் அவளல்லள்!

2004 டிசம்பர் 26 ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை கல்முனைக்குடிக் கரையோரத்து வீடுகளை வாரிக்கொண்டு சென்றது. அழிந்தவற்றுள் பெரும்பாலானவை இவ்வாறு தாயிடமிருந்து மகளுக்கு வந்த வீடுகளே. உலகெங்கிலுமிருந்து உதவி வந்தது. ஆனால் கிழக்கின் பல இடங்களில், புதிய வீட்டின் உரிமைப் பத்திரம் ‘குடும்பத் தலைவர்’ என்ற முறையில் ஆணின் பெயரில் எழுதப்பட்டமையைப் பெண்கள் அமைப்புகளும் ஆய்வாளரும் எடுத்துக்காட்டினர். கொடுப்போர் அன்போடு கொடுத்தாலும், பெறுவோரின் முறையை அறியாது கொடுத்தால், கொடையே இழப்பாக முடிதல் கூடும் என்பதற்கு இது சான்று.

மறுபுறத்தையும் மறைக்காது சொல்லுதல் எமது கடன். மகளுக்கு நிழல் தரவென்று எழுந்த வீடு, இன்று மாப்பிள்ளை வீட்டார் விதிக்கும் நிபந்தனையாகவும் ஆகிவிட்டது. ஓட்டு வீடு போதும் என்றிருந்தது, பின்னர் மாடி வீடு என்றாயிற்று. வீட்டோடு காணியும், நகையும், ரொக்கமும் பேசப்படுகின்றன. திருமணம் நிச்சயமானதும், நோன்பு காலத்திலும் இரு பெருநாள்களிலும் சம்பந்தி வீட்டாரிடையே உணவும் உடையும் செல்வதுண்டு. அவர் அனுப்பியதற்கு இவர் அனுப்பியது குறைந்ததா என்று அளந்து பார்ப்போரும் உளர். இஃது யப்பானியரின் மும்மடங்குப் பேச்சை ஒத்ததேயன்றோ? மூன்று பெண்மக்களைப் பெற்ற தந்தை, மகள் பெரியவளான நாள் முதலாகக் கல்லும் சீமெந்தும் கணக்கிடுகின்றார். அரபு நாடுகளுக்கு உழைக்கச் செல்லும் ஆண்களிலும் பெண்களிலும் பலர், ஒரு மகளின் அல்லது சகோதரியின் வீட்டை மனத்திற்கொண்டே செல்கின்றனர்.

மணமகனுக்கெனக் கொடுக்கும் பணத்தைக் ‘கைக்கூலி’ என்பர். இதனைப் பற்றிச் சட்டம் கூறுவதை எமது இளைஞர்கள் அறிந்திருத்தல் நன்று. 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம், மணமகளின் உபயோகத்துக்காக மணமகனிடம் கொடுக்கப்படுவது அல்லது கொடுப்பதாக வாக்களிக்கப்படுவது என்றே கைக்கூலிக்குப் பொருள் கூறுகின்றது. அதனைக் கோரி மனைவி காதி நீதிமன்றில் முறையிடவும் அச்சட்டம் இடமளித்தது. அதாவது, அது மணமகனின் வருமானமன்று. மணமகளின் பொருள் அவன் கையில் இருக்கின்றது, அவ்வளவே. இவ்வுண்மையை நினைப்போர் எத்தனை பேர்?

இதற்கு எதிர்த்திசையிற் செல்லும் பரிசே ‘மஹர்’. இது மணமகன் மணமகளுக்கு மனமுவந்து கொடுக்கவேண்டிய கட்டாயக் கொடை; முற்றிலும் அவளுக்கே உரியது. யப்பானியர் காதலுக்கு ஒரு சொக்லேட், கடமைக்கு ஒரு சொக்லேட் என்று இரண்டாகப் பிரித்தனர். மஹரிலோ காதலும் கடமையும் ஒரே கொடையில் இணைந்துள்ளன. ஆனால் நடைமுறையில், பெண்வீட்டார் இலட்சங்களைத் தர, மணமகன் பெயருக்குச் சிறு தொகையை மஹராகக் குறிப்பதும் உண்டு. பரிசு செல்லவேண்டிய திசை அங்கே மாறிவிட்டது. கைக்கூலி வாங்காத் திருமணங்களை உலமாக்களும் இளைஞர் பலரும் வலியுறுத்தி வருவதும், அவ்வாறே மணமுடிப்போர் இருப்பதும் மகிழ்ச்சிக்குரியன.

அளவே அழகு

பரிசுகளையெல்லாம் ஒழித்துவிடவேண்டும் என்று நாம் கூறவில்லை. ஒருவருக்கொருவர் அன்பளிப்புச் செய்தால் நேசம் வளரும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. கடமையாகக் கொடுப்பது யாவும் பொய் என்றும் நாம் கூறவில்லை. மறதி மிக்க மனிதர்க்கு நாள் குறித்து நினைவூட்டும் வழக்கம் வேண்டியதே. ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஆசானுக்குத் தேயிலைப் பெட்டி அனுப்பும் யப்பானியர், அனுப்பாதோரினும் நன்றியுடையவரே.

ஆனால், கடமைப் பரிசு எப்பொழுது பாரமாகின்றது என்பதை மேற்கண்ட வரலாறு எமக்குக் காட்டுகின்றது. அளவு இல்லாதபோது பாரமாகின்றது. பெற்றதைவிடக் கூட்டித் திருப்பவேண்டும் என்னும்போது பாரமாகின்றது. ஒரு பக்கத்தார் மட்டுமே கொடுக்கவேண்டும் என்னும்போது மிகப் பெரும் பாரமாகின்றது. யப்பானில் அப்பாரத்தைச் சுமந்தவர் அலுவலகப் பெண்கள். எமது ஊரிற் சுமப்பவர் பெண்ணைப் பெற்ற வாப்பாவும் உம்மாவும்.

தனியொரு குடும்பம் இதனை நிறுத்த அஞ்சுவது இயல்பே. நாம் மட்டும் குறைத்தால் ஊர் என்ன சொல்லும் என்ற அச்சம் எல்லார்க்கும் உண்டு. ஆதலின், குன்மா மக்கள் செய்ததுபோல ஊரார் கூடி முடிவுசெய்தலே வழி. சம்பந்தி வீட்டுக்குப் பெருநாளிலே இன்னதற்குமேல் அனுப்புவதில்லை என்று குடும்பங்கள் பேசி முடிவு செய்யலாம். பள்ளிவாசல் நிருவாகத்தினரும் குடிகளின் மரைக்காயர்மாரும் கூடி, திருமணப் பேச்சில் இன்னின்னவை கேட்கப்படா என்று வரையறுக்கலாம். மணமகன் தானே முன்வந்து, எனக்குக் கைக்கூலி வேண்டாம் என்று கூறுவானாயின், அவனுக்கு நிகரான பரிசைப் பெண்வீட்டார் எந்தக் கடையிலும் வாங்க இயலாது.

அளவு வகுத்தல் எம்மால் இயலாத காரியமன்று. தலைக்கு ஒரு சாஃ என்னும் பித்ராவின் அளவு விதிக்கப்பட்டு ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாகின்றன. அரசுகள் மாறின, நாணயங்கள் மாறின, செல்வரின் மாளிகைகள் உயர்ந்தன. அவ்வளவு மட்டும் ஒரு பிடியேனும் ஏறவில்லை. ஆண்டுதோறும் அதே சாஃ அரிசியை எமது வீடுகளில் அளந்துகொண்டுதான் இருக்கின்றோம்.